வழி கேட்பவர்கள்

திருவனந்தபுரம் பழவங்காடியில் கணபதி கோயிலைக் கண்ணால் தேட வேண்டியதில்லை. தம்பானூரில் ரயிலை விட்டு இறங்கி, ஓவர்பிரிட்ஜ் பக்கம் வந்து எம்.ஜி. ரோட்டில் தெற்கே நடந்தால் போதும். பஸ் ஹாரனுக்கும் லாட்டரிக்காரரின் மைக்குக்கும் ஊடே கல்லில் தேங்காய் சிதறும் சத்தம் வந்துவிடும். ஒன்று, சற்றுப் பொறுத்து இன்னொன்று. பெரிய வேண்டுதலோடு வந்தவர் என்றால் நிறுத்தாமல் ஒரு சரமே உடையும். சத்தம் வரும் பக்கம் நடந்தால் கோயில்.

கார்த்திகை மாதம், மாலை ஐந்து மணி தாண்டியாயிற்று. சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களுமாகத் தமிழ்நாட்டு வேன்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்களின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் பாதி கரைந்திருக்கிறது. கோயிலுக்குப் பக்கத்துத் தேங்காய்க் கடையில் வியாபாரம் சூடாக நடக்கிறது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கலாம். உரித்த தேங்காய்களைக் குடுமி மேலாக அடுக்குகிறார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுகிறார். சத்தம் திருப்தியில்லை என்றால் அந்தக் காய் முக்காலிக்குப் பின்னால் போய்விடும். பக்கத்தில் ‘சாலை’ என்கிற கடைத்தெருவைச் சேர்ந்த தமிழர். தமிழில் கேட்டால் தமிழிலும் மலையாளத்தில் கேட்டால் மலையாளத்திலும் பதில் வரும். அவரிடம் தேங்காய் கேட்கிறவர்களைவிட வழி கேட்கிறவர்கள்தான் அதிகம்.

இந்தப் பிள்ளையாரே இடம் மாறி வந்தவர். பத்மநாபபுரம் கோட்டைக் காவலில் இருந்த நாயர் படையினர் கும்பிட்ட விக்கிரகம் என்றும், 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூரின் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது படையோடு சேர்ந்து வந்தது என்றும் கோயில் வரலாறு சொல்கிறது. சமஸ்தானத்துப் படை இந்திய ராணுவத்தில் சேர்ந்தபின் கோயிலும் ராணுவத்தின் பொறுப்புக்குப் போயிற்று. இன்றும் நிர்வாகம் அவர்களிடம்தான்.

கறுப்பு வேட்டிக்காரர் ஒருவர் கடை முன்னால் வந்து நிற்கிறார். பின்னால் ஏழெட்டுப் பேர், ஒரு கன்னிச்சாமிப் பையன்.

"அண்ணே, பத்மநாபசாமி கோயிலுக்கு எப்படிப் போகணும்?"

கடைக்காரர் தட்டிக்கொண்டிருந்த தேங்காயைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்கிறார். "இப்படியே நேரே நடங்க சாமி. இடது கைப் பக்கம் காந்தி பார்க்கு வரும், கம்பி வேலி போட்டிருக்கும். அதுக்கு நேர் எதிரா வெள்ளைக் கோட்டை வாசல். வாசலுக்குள்ள நுழைஞ்சா கோபுரம் கண்ணுல பட்டுரும். பட்டுட்டா அப்புறம் யார்ட்டயும் கேக்க வேண்டாம்."

கேட்டவர் ஒரு முறை தலையாட்டுகிறார். கன்னிச்சாமி "காந்தி பார்க்கு, கோட்டை, கோபுரம்" என்று விரல் மடக்குகிறான். கூட்டம் நகர்கிறது.

இவ்வளவு சிறிய பேச்சுக்குள் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது! அவர் எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லை, தெருப் பெயரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் கண்ணால் சரிபார்க்கக்கூடிய ஒரு பொருளில் போய் நிற்கிறது. பார்க்கைப் பார்த்தால் பாதி வழி சரி. கோட்டை வாசலைப் பார்த்தால் முக்கால் வழி சரி. கோபுரம் தெரிந்ததும் வழிகாட்டியின் வேலையே முடிந்துவிடுகிறது, அதையும் அவரே சொல்லிவிட்டார். வீடியோ கேம் செய்கிறவர்கள் இந்த நான்கைந்து வாக்கியங்களுக்காக ஆண்டுக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

கடையை அடுத்த படிக்கட்டில் இரண்டு பையன்கள். அம்மா தேங்காயும் கையுமாக உள்ளே போயிருக்கிறாள், செருப்புக்குக் காவலாக இவர்கள். சின்னவன் கையில் போன். ஓடிக்கொண்டிருப்பது ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி. 2002-இல் வந்தது, நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையையே உட்கார வைத்தது, பிறகு போனுக்குள்ளும் குடியேறிவிட்டது. திரையில் கடற்கரை ஓரமாகக் கார் பறக்கிறது. பனைமரங்கள், விளக்கு எரியும் ஓட்டல் முகப்புகள், மாலை வானத்தின் இளஞ்சிவப்பு. சின்னவன் இது எதையும் பார்க்கவில்லை. அவன் கண் முழுவதும் ஓரத்திலுள்ள வட்ட மேப்பில் இருக்கிறது. அங்கே ஒரு புள்ளி.

"லெப்டுடா, லெப்டு! புள்ளி லெப்டுல இருக்கு பாரு" என்கிறான் பெரியவன்.

"அங்க ரோடு இல்லண்ணா."

"புள்ளி இருக்குல்ல, போ."

கார் ஒரு சுவரில் மோதுகிறது. புள்ளி இருக்கும் திசை மட்டும் தெரிகிறது, வழி தெரியவில்லை. இந்தச் சிக்கலை அதே வரிசையில் 2008-இல் வந்த நான்காம் கேம் தீர்த்தது. ஜி.பி.எஸ். போல எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று வட்டத்துக்குள்ளேயே கோடு போட்டுக் காட்டியது. சுவரில் மோதுவது குறைந்தது. தெருவைப் பார்ப்பதும் குறைந்தது.

திசை காட்டும் அம்புக்கு இந்தத் தொழிலில் சொத்துத் தகராறே நடந்திருக்கிறது. 1999-இல் சேகா நிறுவனம் கிரேஸி டாக்ஸி என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. டாக்ஸியில் ஆளை ஏற்றி, நேரம் முடிவதற்குள் சேருமிடத்தில் இறக்கிவிட வேண்டும். அந்த அவசரத்தில் மேப்பைப் பார்க்க யாருக்கு நேரம்? காருக்கு மேலே பச்சை அம்பு ஒன்று மிதந்து திசை காட்டும். அதற்கு சேகா காப்புரிமை வாங்கியது. பிறகு வந்த தி சிம்ப்சன்ஸ்: ரோட் ரேஜ் தன் கேமைக் காப்பியடித்திருக்கிறது என்று 2003-இல் வழக்கும் போட்டது. கோர்ட்டுக்கு வெளியே சமரசமாக முடிந்தது. பழவங்காடியில் வழி சொல்வதற்குக் காப்புரிமை கேட்டால் தேங்காய்க் கடைக்காரர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. அவர் இப்போது நான்காவது ஆளுக்கு ஆற்றுகால் கோயில் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அம்பு இல்லாத காலம் ஒன்று இருந்தது, ரொம்பப் பழைய காலமும் இல்லை. 2002-இல் வந்த மாரோவிண்ட் என்ற கேமில் யாராவது ஒரு வேலை கொடுத்தால், வழியையும் வாயால்தான் சொல்வார்கள். ஊரை விட்டு வடக்கே போ, பாலத்தைத் தாண்டு, பாதை பிரியும் இடத்தில் கைகாட்டி மரத்தைப் பார் என்கிற ரீதியில். சொன்னதெல்லாம் ஒரு நாட்குறிப்பில் பதிவாகும். அதைப் படித்துப் படித்துப் போக வேண்டும். பெட்டிக்குள் காகித மேப் ஒன்றும் மடித்து வைத்திருந்தார்கள். சொன்ன வழி சில இடங்களில் தப்பாகவும் இருந்தது. ஆடியவர்கள் இன்றுவரை அதைச் சொல்லித் திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே அந்தத் தீவின் ஒவ்வொரு மேட்டையும் நினைவிலிருந்து சொல்கிறார்கள்.

மாரோவிண்டைச் செய்த அதே பெதெஸ்டா நிறுவனம் 2006-இல் ஒப்லிவியனைக் கொண்டு வந்தது. எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். திரையின் அடியில் திசைகாட்டிப் பட்டை வந்தது. அதில் ஓர் அம்பு, போகவேண்டிய கதவு வரைக்கும் கூட்டிப் போகும். குரல் பதிவான பிறகு ஒரு குகையை ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மாற்றினால், வாயால் சொன்ன வழி பொய்யாகிவிடும். நடிகரை மறுபடி கூப்பிட்டுப் பேச வைக்க வேண்டும். அம்புக்கு அந்தத் தொல்லை இல்லை. குகை எங்கே போனாலும் அம்பு கூடவே போகும். செய்கிறவர்களுக்கு எவ்வளவு நிம்மதி!

அந்த நிம்மதிக்கு ஒரு விலை இருந்தது. வழியை வாயால் சொல்லியாக வேண்டும் என்றால், வழியில் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். பாலம் ஒரு மாதிரியும் பாறை ஒரு மாதிரியும் இருந்தால்தான் "அந்தப் பாலம்", "அந்தப் பாறை" என்று சொல்ல வாய் வரும். அம்பு வந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. ஒரே மரத்தை ஆயிரம் தடவை நட்டு, ஒரே வீட்டை நூறு தடவை நிறுத்தினாலும் ஆடுபவர் தொலைந்து போகமாட்டார். வழிகாட்டி மாறியதோடு ஊர் கட்டும் விதமும் மாறிவிட்டது.

ரோட்டின் எதிர்ப்புறத்தில் ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. சக்கரம் வைத்த பெட்டி, தோளில் லேப்டாப் பை. டெக்னோபார்க்கில் புதிதாக வேலைக்குச் சேர வந்தவளோ, கோட்டைக்குள் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவளோ. இறங்கிய இடத்திலேயே நிற்காமல் நடக்கிறாள், நடந்துகொண்டே போனைப் பார்க்கிறாள். ஆட்டோக்காரர்கள் இருவர் "எவிடேக்கா?" என்று கேட்கிறார்கள். மூன்றாவதாக ஒருத்தன், ஆட்டோவும் இல்லை ஒன்றும் இல்லை, "ஞான் பறஞ்ஞு தராம்", நான் சொல்லித் தருகிறேன், என்று பக்கத்தில் வருகிறான். அவள் தலையை அசைத்துவிட்டு, திரையில் ஊர்கிற நீலப் புள்ளியைப் பார்த்தபடி இடது பக்கச் சந்தில் சரியாகத் திரும்பிவிடுகிறாள். ஊருக்குப் புதுசு என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வாயால் கேட்டுப் போவதைப் பற்றி ஆண்கள் எழுதும்போது இது விட்டுப்போகிறது. இருட்டும் நேரத்தில் வழி கேட்பது என்பது எல்லோருக்கும் ஒரே காரியம் இல்லை. விளையாட்டிலும் அப்படித்தான். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரி அரை மணி நேரம் கிடைக்கிறவருக்கு, பாலத்தையும் பாறையையும் தேடி அலையப் பொழுதில்லை. கண் பார்வை மங்கியவருக்கு மேட்டின் மேலுள்ள கோபுரம் தெரியாது, பளிச்சென்ற அம்பு தெரியும். 2018-இல் வந்த அசாசின்ஸ் க்ரீட் ஒடிசி, ஆட்டம் தொடங்கும்போதே ஆடுபவரிடம் கேட்டது. அம்பு போட்டுக் காட்டவா, துப்பு மட்டும் கொடுக்கவா? துப்பு வேண்டும் என்றவருக்கு இன்ன வட்டாரம், இன்ன இடத்துக்குக் கிழக்கே என்று மட்டும் சொல்லி விட்டுவிடும். கேட்கிற ஆளைப் பார்த்துச் சொல்வது என்று வந்தபின் சண்டைக்கு இடம் குறைகிறது.

கிழக்கே கோட்டை பஸ் நிறுத்தத்தில் வேறொரு பாடம் நடக்கிறது. வயதான பெண்மணி ஒருவர், முண்டும் நேரியதும், கையில் மருந்துக் கடைக் கவர். வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்க முயலவே இல்லை. பஸ்ஸின் நெற்றியை மட்டும் பார்க்கிறார். 2021 நவம்பரில் கே.எஸ்.ஆர்.டி.சி. இந்த நகரத்தில் சிட்டி சர்குலர் பஸ்களை விட்டபோது, வட்டப்பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தைப் பெயராக வைத்தது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, வயலெட், பிரவுன், மெஜந்தா என்று. பெண்மணி இரண்டு பஸ்ஸை விடுகிறார், மூன்றாவதில் ஏறுகிறார். அவருக்குப் பின்னால் நின்ற தமிழ்நாட்டுக்காரர், மலையாளப் போர்டில் ஓர் எழுத்தும் புரியாமல், கண்டக்டரிடம் "நீலமா? நீலமா?" என்று இரண்டு முறை கேட்டு ஏறுகிறார்.

நிறத்தை நம்பினால் நிறம் கொண்டு சேர்க்கும். ஆனால் கேம் உலகத்தில் ஒரு நிறம் பெரிய கலகத்தையே கிளப்பிவிட்டது. மஞ்சள் பெயின்ட். 2023-இல் புதுப்பித்து வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் 4-இல் உடைக்கக்கூடிய பெட்டிகளிலும் ஏறக்கூடிய ஏணிகளிலும் மஞ்சளைப் பூசியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீபர்த்தில் ஏற வேண்டிய பாறையின் மேலும் அதே மஞ்சள். பேய் பிடித்த கிராமத்தில் யார் இவ்வளவு பொறுப்பாகப் பெயின்ட் அடித்தது என்று ஆடுபவர்கள் கிண்டல் செய்தார்கள். எங்களை என்ன குழந்தைகள் என்று நினைத்தீர்களா என்று கோபப்பட்டார்கள்.

பெயின்ட் அடித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பழைய கேம்களில் படம் சாதாரணம். பெட்டி என்றால் ஒரே ஒரு பெட்டி, ஏணி என்றால் ஒரே ஓர் ஏணி, பார்த்ததும் தெரியும். இப்போது ஓர் அறைக்குள் நிஜ அறையைப் போல முந்நூறு சாமான்கள் கிடக்கின்றன. அதில் எது கைக்கு வரும், எது சும்மா படம் என்று எப்படித் தெரியும்? விற்பனைக்கு முன் ஆட்களை உட்கார வைத்து ஆடச் சொல்லிப் பார்க்கிறபோது, ஏணிக்கு முன்னால் நின்றுகொண்டே ஏணியைத் தேடுகிறார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சு பதறுகிறது. வாயைத் திறந்து சொல்லவும் கூடாது. மறுநாள் பெயின்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார். 2008-இல் மிரர்ஸ் எட்ஜ் இதே வேலையைச் சிவப்பால் செய்தது, யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த நகரமே வெள்ளை வெளேரென்று கட்டிய நகரம், சிவப்பு அதன் அழகிலேயே சேர்ந்துகொண்டது. ஊரோடு ஒட்டிய குறி உறுத்தவில்லை, மேலே பூசியது உறுத்தியது.

இங்கும் பூசியது உண்டு. நடைபாதையின் கைப்பிடிக் கம்பியில் ஃபிளெக்ஸ், ஃபிளெக்ஸுக்கு மேலே ஃபிளெக்ஸ், நகைக்கடை, கோச்சிங் சென்டர், கட்சி மாநாடு. நடுவில் போக்குவரத்து போலீஸ் வைத்த அம்புப் பலகை ஒன்று பாவமாக நிற்கிறது. ஸ்கூட்டரில் உணவு டெலிவரி கொண்டு போகிற பையன் ஹேண்டிலில் மாட்டிய போனைப் பார்த்தபடி இந்த இடத்தை மறுபடியும் கடக்கிறான். மேப் திரும்பச் சொல்லும் இடத்தில் தடுப்பு வைத்திருக்கிறார்கள், தடுப்பு இன்றைக்கு வைத்தது. மேப்புக்கு இன்னும் தெரியாது. போலீஸ்காரர் பலகையைக் காட்டவில்லை. கையை நீட்டி, "ஆ பள்ளியுடெ அடுத்து கூடெ போ" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடுகிறார்.

சாலைச் சந்திப்பின் மேலே 2022-இல் திறந்த நடைமேம்பாலம் இருக்கிறது. சிலர் கடக்க ஏறுகிறார்கள், சிலர் பார்க்க ஏறுகிறார்கள். மேலே நின்றால் இந்த இடம் ஏன் சொல்வதற்கு எளிதாக இருக்கிறது என்பது புரிந்துவிடும். கெவின் லிஞ்ச் என்ற அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் 1960-இல் எழுதிய புத்தகம் ஒன்றில், மனிதர்கள் ஒரு நகரத்தை மனத்தில் ஐந்து வகைப் பொருள்களால் வைத்துக்கொள்கிறார்கள் என்றார். பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம். கீழே பார்த்தால் எம்.ஜி. ரோடு பாதை. கோட்டை மதில் விளிம்பு. கிழக்கே, ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்திலிருந்து நடக்கும் சாலைக் கடைத்தெரு ஒரு வட்டாரம். பஸ்கள் சுற்றித் திரும்பும் கிழக்கே கோட்டை சந்திப்பு. சின்னத்துக்கு ஒரு பக்கம் கணபதி, மறு பக்கம் கோட்டை வாசல், வாசலுக்குள் போனால் கோபுரமும், குளக்கரையில் மணிக்கொருதரம் இரண்டு ஆட்டுக்கிடாக்கள் ஒரு முகத்தின் கன்னங்களில் முட்டும் மேத்தன் மணி என்ற கடிகாரமும். ஐந்தும் ஒரே பார்வைக்குள். லிஞ்சின் இந்த ஐந்தையும் லெவல் டிசைன் செய்கிறவர்கள் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள்.

நிண்டெண்டோவின் பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017-இல் வந்தபோது ஆடியவர்கள் வியந்ததும் இதைத்தான். அம்பு இல்லாமல் இல்லை, ஆனால் அதைப் பார்க்காமலே எங்கெங்கோ போய்ச் சேர்ந்தார்கள். உருவாக்கியவர்கள் பிறகு மேடையில் விளக்கினார்கள். தொடக்கத்தில் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு ஆட்களை நடத்திப் பார்த்தபோது, பெரும்பாலோர் ஒரே தடத்தில் போனார்கள். கயிறு கட்டி இழுப்பதாக அவர்களுக்கே தோன்றியது. அதனால் நிலத்தையே மாற்றினார்கள். மலையையும் மேட்டையும் முக்கோண வடிவில் சிறிதும் பெரிதுமாக நிறுத்தினார்கள். முக்கோணம் தன் பின்னால் இருப்பதைப் பாதி மறைக்கும். ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று ஆடுபவர் யோசிப்பார், சுற்றும்போது மறைந்திருந்த இன்னொன்று கண்ணில் படும், கால் அங்கே போகும். அந்த உலகம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்று முடிவுசெய்ய, இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி தனக்குப் பழக்கமான கியோட்டோ நகரத்தின் மேப்பை அதன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறார். நடந்து பழகிய ஊர்தான் நடக்கப்போகும் ஊருக்கு அளவுகோலாயிற்று.

தமிழில் பேசுகிற கேம் ஒன்றும் இந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா. கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், சமையல்தான் ஆட்டம். அதில் அம்பு கிடையாது. ஊரிலிருந்து கொண்டுபோன அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது, ஆனால் பக்கங்கள் கிழிந்தும் எழுத்துகள் அழிந்தும் கிடக்கின்றன. முதல் பலகாரம் இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது குறிப்பில் முழுதாக இல்லை. நம் அடுக்களைக்காரிக்கு இது கேள்வியே இல்லை. ஒரு தட்டின் குழிக்கு நேர் மேலே இன்னொரு குழி வரக்கூடாது, தட்டைச் சற்றுத் திருப்பி வைத்தால்தான் ஆவிக்கு வழி இருக்கும், மாவுக்கும் உப்ப இடம் இருக்கும். இட்லிக் கொப்பரையைக் கண்ணால் கண்டிராத வெளிநாட்டுக்காரர்களும் தட்டையும் ஓட்டையையும் உற்றுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். தட்டிலேயே பதில் இருந்தது. 2024-இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசும் அதற்குக் கிடைத்தன.

குறிப்பு கிழிந்திருப்பதனால் மட்டும் அந்த ஆட்டம் நன்றாக இருக்கவில்லை. கிழிந்த இடத்தை நிரப்பும் அளவுக்குப் பாத்திரங்கள் பேசின. எல்டன் ரிங் 2022-இல் பணிப் பட்டியலே இல்லாமல் வந்து சக்கைப்போடு போட்டது. ஓய்வெடுக்கும் இடங்களிலிருந்து பொன்னிற ஒளிக்கீற்று ஒன்று மட்டும் திசை காட்டும். ஆனால் தொலைவில் வானத்தைத் தொடும் தங்க மரமும் மலை மேல் கோட்டையும் அந்தக் கீற்றுக்கு முன்பே கண்ணை இழுத்துவிடுகின்றன. பேசாத ஊரைக் கட்டிவிட்டு அம்பை மட்டும் எடுத்தால், ஆடுபவர் நடுத்தெருவில்தான் நிற்பார்.

எந்த ஊரையும் முழுக்கச் சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. கடைக்காரரிடம் இப்போது நாகர்கோவில் பக்கத்துத் தம்பதி ஒன்று. பெரியவர் கையில் துண்டுச் சீட்டு. மகள் கல்யாணத்துக்குப் பித்தளை விளக்கு வாங்க வேண்டும். சாலையில் இன்ன பாத்திரக்கடை என்று சம்பந்தி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணாச்சி, இது எங்கன இருக்கு?"

கடைக்காரர் சீட்டை வாங்கிப் படிக்கிறார். முதல்முறையாகப் பதில் உடனே வரவில்லை. சாலைக்குள் சந்து, சந்துக்குள் சந்து. வெங்காய மூட்டைக்குப் பின்னால் பாத்திரம், பாத்திரத்துக்குப் பின்னால் கயிறு. ஒரு கடையைப் போலவே அடுத்த கடை. "சொன்னாக் குழம்பிருவீங்க" என்று சீட்டைத் திருப்பித் தருகிறார். பிறகு உள்ளே பார்த்து, "டேய், இவங்கள விட்டுட்டு வா."

தென்னை ஓலைக்கட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்து வருகிறான். கல்லூரியில் படிக்கிற வயது, சட்டைப் பையில் இயர்போன் வயர். மருமகனாக இருக்கலாம், "மாமா, இப்பவா?" என்கிறான்.

ஆளைக் கூட அனுப்புவதும் கேம்களில் பழைய வழக்கம்தான். 1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் கேமில் நேவி என்ற சிறு தேவதை கூடவே பறந்து, கேள், கவனி என்று கூவிக்கொண்டே இருக்கும். அது வாயை மூடாதா என்று ஏங்காதவர் இல்லை. துணைக்கு வரும் பாத்திரத்தின் நடை வேகம் இன்னொரு தலைவலி. நாம் நடந்தால் அது முந்திவிடும், ஓடினால் பின்தங்கிவிடும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் போன்ற கேம்களில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால், கூட வருகிறவரின் வேகத்துக்கு நம் குதிரை தானாக ஒத்துப்போகும்படி செய்தார்கள். இவ்வளவு பெரிய தொழிலில் ஒருவரோடு ஒருவர் சேர்ந்து நடப்பதற்கு ஒரு பட்டன் தேவைப்பட்டிருக்கிறது.

பையன் முதலில் அந்தத் தேவதை மாதிரி பேசவில்லை, அந்தப் பட்டன் இல்லாத குதிரை மாதிரிதான் போகிறான். ரோட்டைக் கடந்து சாலைக்குள் நுழைந்து இருபது அடி முன்னால். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டிப் போட்டு நடக்கிறார். அம்மாளுக்கு முட்டி வலி போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறாள். சந்து முனையில் பையன் திரும்பிப் பார்க்கிறான், இருவரையும் காணோம். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்த வழியே வருகிறான்.

நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற கடை முன்னால் அம்மாள் நின்றுவிட்டாள். வாணலியில் தேங்காயெண்ணெய் பொங்குகிறது. வறுக்கிறவர் வாழைக்காயை நேராக எண்ணெய்க்கு மேலே பிடித்துச் சீவுகிறார், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் விழுகின்றன. ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை ஊற்றுகிறார். சளசளவென்று ஆரவாரம் எழுந்து அடங்குகிறது. "பேரனுக்கு ஒரு கிலோ வாங்கிருவோமே" என்கிறாள் அம்மாள். பெரியவர் வாட்சைப் பார்க்கிறார். "வெளக்க மொதல்ல பாப்பம்."

பையன் ஒரு நொடி நிற்கிறான். அவனைக் கூட்டிப்போகச் சொன்ன இடம் இது இல்லை. இயர்போனைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டு வறுக்கிறவரிடம் மலையாளத்தில் விலை கேட்கிறான். பதிலைக் கேட்டுத் தலையை ஆட்டி, அம்மாள் பக்கம் திரும்புகிறான்.

"பாத்திரக்கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும் அம்மா. அவசரமே இல்ல. இந்தச் சட்டியில வேண்டாம், எண்ணெய் பழசு. நாலு கடை தள்ளி இன்னொண்ணு இருக்கு, போற வழிதான்."

இந்த முறை அவன் அம்மாளுக்குப் பக்கத்தில் நடக்கிறான்.